துப்பாக்கிக்கு குறுக்க நிக்கிறதும் தூரத்துல நின்னு பாக்குறதும் ஒண்ணா?

ஜூலை மாசம், அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்தோட வடக்குப் பக்கம், காட்டுக்குள்ள போற ஒரு ஜல்லி ரோடு. ஒரு பிக்கப் ட்ரக் ஊர்ந்து போகுது. பானட் மேல சின்னதா ஒரு மேடை அடிச்சு வெச்சிருக்காங்க, அதுல ஒரு வேட்டை நாய் மூக்க காத்துல தூக்கிக்கிட்டு நிக்குது. ராத்திரி ஒரு கரடி அந்த ரோட்ட தாண்டிப் போயிருந்தா நாய்க்கு வாசம் பிடிபட்டுரும், குரைக்க ஆரம்பிக்கும், உடனே ட்ரக் பின்னாடி பெட்டிக்குள்ள இருக்குற மத்த நாய்ங்களையும் அவுத்து விட்டுருவாங்க. எல்லா நாய் கழுத்துலயும் ஜிபிஎஸ் காலர் இருக்கும், ஓனர் ட்ரக்குல உக்காந்து ஸ்க்ரீன்ல பாத்துக்கிட்டே பின்னாடி போவார், கடைசியில கரடி மரத்துல ஏறி மாட்டிக்கிட்ட இடத்துக்குப் போய் நிப்பார். சீசன் இன்னும் வரல, சுட முடியாது, இது வெறும் ட்ரெயினிங்தான், ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 31 வரைக்கும் சட்டமே இதுக்கு அனுமதி குடுத்திருக்கு.

இப்ப இந்த ட்ரக்குக்குப் பின்னாடி இன்னொரு கார் வருதுன்னு வெச்சுக்குங்க. உள்ள இருக்குறவங்க கையில கேமரா இருக்கு. ஹாரன் அடிக்கல, நாயத் தொடல, ஒரு வார்த்தை பேசல. பொது ரோட்டுல வராங்க, படம் எடுக்குறாங்க, அவ்வளவுதான். இது குற்றமா?

2016ல இருந்து 2023 வரைக்கும் விஸ்கான்சின்ல இதுக்கு பதில், "உன் மனசுல என்ன இருக்குங்கறத பொறுத்தது" அப்படிங்கறதுதான். நான் கிண்டலுக்கு சொல்லல, சட்டம் நிஜமாவே அப்படித்தான் எழுதியிருந்துச்சு, அதுக்கு அப்புறமா வரேன்.

நமக்கு இந்த மாதிரி சட்டம் இருக்குன்னு கேட்டாலே கொஞ்சம் தலை சுத்தும். இந்தியாவுல 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டம் வந்ததுல இருந்து வேட்டைன்னாலே கேஸ்தான், மிச்சம் மீதி இருந்த லைசென்ஸ் முறையையும் 1991 திருத்தத்துல எடுத்துட்டாங்க. சிவகங்கை பக்கம் வேட்டங்குடியில கொக்கு நாரை கூடு கட்டியிருக்குன்னு சுத்துப்பட்டு ஊர்க்காரங்க தீபாவளிக்கு வெடியே போடுறதில்ல, பறவைக்காக மனுசன் சத்தம் போடாம இருக்கான். அமெரிக்காவுலயும் காட்டுல சத்தம் போடாதன்னு சட்டம் இருக்கு, ஆனா அது வேட்டைக்காரருக்காக. மான் ஓடிப்போயிரும்ல.

அங்க இதுக்கு பொதுவா "வேட்டைக்காரர் தொந்தரவுச் சட்டம்"னு பேரு. கேட்டா வேட்டைக்காரர் யாரையோ தொந்தரவு பண்றதப் பத்தின சட்டம் மாதிரி இருக்கும், விஷயம் தலைகீழ். லைசென்ஸ் வாங்கி சட்டப்படி வேட்டையாடுறவர யாரும் தடுக்கக் கூடாது, மிருகத்த வேணும்னே விரட்டிவிடக் கூடாது, பொறிய கழட்டக் கூடாது, இதான் சாரம். முதல்ல போட்டது அரிசோனா, 1981ல. அப்புறம் ஒவ்வொண்ணா போட்டு இப்ப 50 மாநிலத்துலயும் இருக்கு. வேட்டைக்காரங்க பக்கம் வேலை செய்யுற ஒரு லாபி அமைப்பு பொது நகலா ஒரு மசோதா எழுதி வெச்சு மாநிலம் மாநிலமா எடுத்துட்டுப் போனதால பல சட்டங்க ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். 1994ல மத்திய அரசும் தன் நிலத்துக்குன்னு ஒரு சட்டம் போட்டுச்சு, கிளின்டன் கையெழுத்துப் போட்ட அந்தப் பெரிய குற்றத்தடுப்பு சட்டத்துக்குள்ள ஒரு மூலையில சொருகி வெச்சாங்க. அடாவடியோ மிரட்டலோ இருந்தா 10,000 டாலர் வரைக்கும், மத்தபடி 5,000 டாலர் வரைக்கும் சிவில் அபராதம். ராணுவ மாடல் துப்பாக்கிகள 10 வருஷத்துக்கு தடை பண்ணுனதும் அதே சட்டம்தான். துப்பாக்கிக்காரங்களுக்கு ஒரு கையில அடி, இன்னொரு கையில மிட்டாய்.

இந்த சண்டை ஆரம்பிச்ச இடம் அமெரிக்கா இல்ல, இங்கிலாந்து. 1963 டிசம்பர்ல டெவன் கவுண்டியில பிரிக்ஸம்ங்கற மீன்பிடி ஊர்ல வேட்டை முறியடிப்பு சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. நரிவேட்டைக்கு சிவப்புக் கோட்டு போட்டுக்கிட்டு குதிரையில வருவாங்கல்ல, அந்த நாய்ப்படைய கொழப்பி விடுறதுதான் இவங்க வேலை. வேட்டைக்கார தலைவர் ஊதுற அதே மாதிரி ஒரு கொம்ப வாங்கிட்டுப் போய் வேற திசையில நின்னு ஊதுவாங்க, நாய்ங்க திரும்பி இங்க ஓடிவரும். நரி போன தடத்துல சிட்ரோனெல்லா எண்ணெய தெளிச்சு விடுவாங்க, நாய்க்கு மோப்பம் அத்துப்போயிரும். யாரையும் அடிக்காம நரியக் காப்பாத்துற தந்திரம்தான், கேக்கவே ஜாலியா இருக்கும், ஆனா களத்துல அப்படி ஜாலியாவே முடியல, 1991லயும் 1993லயும் ரெண்டு இளவட்டப் பசங்க வேட்டைக்காரங்க வண்டியில அடிபட்டு செத்துப்போனாங்க, ஒருத்தனுக்கு 18 வயசு, இன்னொருத்தனுக்கு 15.

சரி, அமெரிக்காவுல ஏன் அரசாங்கம் வேட்டைக்காரங்கள இப்படி கைக்குழந்தை மாதிரி பாத்துக்குது? ஓட்டு ஒரு காரணம், ஆனா அத விட பெரிய காரணம் காசு. 1937ல பிட்மன் ராபர்ட்சன்னு ஒரு சட்டம் வந்துச்சு, வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம் வரி, அந்தப் பணம் மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகும். கூடவே லைசென்ஸ் காசும் இருக்கு. ஆக காட்டுல மான் எண்ணுற ஆபீசர் சம்பளத்துல பெரிய பங்கு துப்பாக்கி வாங்குறவர் பாக்கெட்ல இருந்து வருது. பைனாகுலர் மாட்டிக்கிட்டு பறவை பாக்கப் போறவங்க தலைக்கு அந்த மாதிரி வரி எதுவும் இல்ல. ஆனா 1980கள் தொடக்கத்துல ஒண்ணே முக்கா கோடி பக்கம் இருந்த வேட்டைக்காரங்க எண்ணிக்கை 2016 கணக்கெடுப்புல 1 கோடியே 15 லட்சமா கொறஞ்சுருச்சு, அதே நேரத்துல மக்கள்தொகை ஏறிட்டே போகுது. ஆள் கொறைய கொறைய பயம் ஏறுது. விஸ்கான்சின் 2003ல வேட்டையாடுற உரிமைய மாநில அரசியல் சாசனத்துலயே எழுதி வெச்சுது, ஃப்ளோரிடா 2024 நவம்பர் ஓட்டெடுப்புல எழுதிக்கிச்சு. நாளைக்கு யாராவது வந்து பிடுங்கிருவாங்கங்கற நெனப்பு இருந்தாதான் ஒருத்தன் பொழுதுபோக்க அரசியல் சாசனத்துல பூட்டி வெப்பான்.

சரி கோர்ட் பக்கம் வருவோம். என் கணக்குல இந்தக் கேஸ் எல்லாமே மூணு வினைச்சொல்லுக்குள்ள அடங்கிரும். நிக்கிறது, பேசுறது, பாக்குறது.

நிக்கிறதுல பெருசா விவாதம் இல்ல. யெல்லோஸ்டோன் பூங்காவுல இருக்குற காட்டெருமைங்க குளிர்காலத்துல தீனி தேடி எல்லை தாண்டி மொன்டானாவுக்குள்ள வரும். அதுங்ககிட்ட புருசெல்லோசிஸ்னு ஒரு நோய் இருக்கு, மாட்டுக்கு ஒட்டிக்கிட்டா கன்னு கலைஞ்சிரும்னு பண்ணைக்காரங்களுக்கு பயம். அதனால மொன்டானா அரசாங்கம் வேட்டைக்காரங்கள போன் போட்டுக் கூப்பிட்டு, அதிகாரியே கூட வந்து இந்த எருமைதான் உன்னுதுன்னு காட்டி, சுடச் சொல்லுச்சு. மந்தையில நின்னு சும்மா பாத்துக்கிட்டு இருக்குற மிருகம், ஓடக்கூட ஓடாது. 1988-89 குளிர்காலத்துல மட்டும் 569 எருமை. டிவியில பாத்து நாடே கொதிச்சுது. 1990 மார்ச்ல அந்த மாதிரி ஒரு வேட்டையில ஒரு போராட்டக்காரர் சுடப்போறவருக்கும் எருமைக்கும் நடுவுல போய் நின்னார். கேஸ் ஆச்சு. கீழ்க்கோர்ட்ல சட்டமே செல்லாதுன்னு சொன்னாங்க, 1994ல மொன்டானா உச்ச நீதிமன்றம் அத மாத்தி, செல்லும்னு சொல்லுச்சு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த அப்பீல எடுத்துப் பாக்கவே மறுத்துருச்சு. லில்பர்ன் கேஸ்னு சட்டம் படிக்கிறவங்களுக்குத் தெரியும்.

இதுல எனக்கு தனிப்பட்ட முறையில கோர்ட் மேல கோவம் இல்ல. லோடு பண்ணி குறி வெச்சிருக்குற துப்பாக்கிக்கு முன்னாடி ஒரு ஆள் போய் நிக்கிறத அரசாங்கம் தடுக்கலாமாங்கறது, என்னதான் எருமைமேல பாசம் இருந்தாலும், கஷ்டமான கேள்வி இல்ல. வேடிக்கை என்னன்னா கேஸ்ல போராட்டக்காரர் தோத்தார், ஆனா வேட்டையும் தோத்துருச்சு, அந்த டிவி படங்க குடுத்த அவமானம் தாங்காம மொன்டானா 1991ல அந்த எருமை வேட்டைய நிறுத்திருச்சு, திரும்ப ஆரம்பிக்க 2005 ஆச்சு.

இங்கிலாந்துலயும் இதே கதை உண்டு. 1992 ஆகஸ்ட்ல யார்க்‌ஷயர் மேட்டுநிலத்துல கௌதாரி மாதிரி ஒரு பறவைய சுடுற வேட்டை, ஒரு பெண் துப்பாக்கிய தூக்கி குறி வெச்சவர் முன்னாடி நடந்து போனாங்க. 44 மணி நேரம் காவல்ல வெச்சாங்க. இனி ஒழுங்கா இருப்பேன்னு எழுதிக் குடுக்கச் சொன்னாங்க, மாட்டேன்னாங்க, 28 நாள் ஜெயில். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போச்சு, 1998ல தீர்ப்பு. அந்தப் பெண் பண்ணுனது கருத்து வெளிப்பாடுதான், போலீஸ் அதுல கை வெச்சதும் உண்மைதான், ஆனாலும் இந்த சூழ்நிலையில அது தப்பில்லன்னு 5க்கு 4ங்கற கணக்குல சொன்னாங்க. ஒரே ஒரு ஜட்ஜ் இந்தப் பக்கம் சாஞ்சிருந்தா கதை வேற.

ஆனா அடுத்த வருஷமே, அதே கோர்ட், அந்தக் கொம்பு ஊதுற ஆளுங்க கேஸ்ல நேர் எதிரா சொல்லுச்சு. 1993 மார்ச்ல டோர்செட் பக்கம் போர்ட்மன் வேட்டைன்னு ஒரு நரிவேட்டைக் கூட்டம், அதுல ஒருத்தர் கொம்பு ஊதி இன்னொருத்தர் கூவி நாய்ங்கள இழுத்துட்டாங்க. இவங்க பொது அமைதியக் குலைக்கலன்னு இங்கிலாந்து கோர்ட்டே ஒத்துக்கிச்சு. ஆனா நடத்தை "நல்லொழுக்கத்துக்கு மாறா" இருக்குன்னு சொல்லி, ஒரு வருஷம் ஒழுங்கா இருக்கணும், இல்லன்னா 100 பவுண்டு கட்டணும்னு எழுதி வாங்குச்சு. அது என்ன நல்லொழுக்கம்னு கேட்டா, இன்னைக்கு இருக்குற பெரும்பாலான குடிமக்கள் தப்புன்னு நினைக்கிறதெல்லாம் தப்பாம். அந்த ஐரோப்பிய கோர்ட் இருக்குற ஸ்ட்ராஸ்பர்க்ல 1999ல இத தூக்கிப் போட்டாங்க, இப்படி எழுதினா எதச் செய்யலாம் எதச் செய்யக் கூடாதுன்னு ஒரு மனுசனுக்கு எப்படித் தெரியும்னு. என்ன பண்ணுனாங்கங்கறத விட என்ன வார்த்தையில தடுத்தாங்கங்கறதுதான் கேஸ முடிவு பண்ணுச்சு. இத ஞாபகத்துல வெச்சுக்குங்க, இந்த சட்டங்க விழுந்த இடமெல்லாம் வார்த்தையிலதான் விழுந்துருக்கு.

பேசுறதுக்கு வருவோம். 1986 ஜனவரி, கனெக்டிகட். டோர்மன்ங்கற ஒரு அம்மா, வீட்டுக்குப் பக்கத்துல அரசாங்க நிலத்துல நீர்ப்பறவை சுட வந்தவங்க கூடவே நடந்து போனாங்க. கத்தல, தடுக்கல. வேட்டை எவ்வளவு கொடூரம், இந்தப் பறவைங்க எவ்வளவு அழகுன்னு பேசிக்கிட்டே போனாங்க. போதும் நிறுத்துங்கன்னாங்க, நிறுத்தல. கைது. பக்கத்துலயே வந்து உபதேசம் பண்ற ஆள் எரிச்சலக் கிளப்புவாங்கதான், கல்யாண வீட்டுல சாப்பிடுறப்ப பக்கத்து இலையில உக்காந்து சுகர் அட்வைஸ் பண்ற மாமா மாதிரி, ஆனா அதுக்கு போலீஸ் வண்டி வருமா? கேஸ தள்ளுபடி பண்ணுனாங்க, அந்த அம்மா விடல, திருப்பி சட்டத்து மேலயே கேஸ் போட்டாங்க. 1988ல ரெண்டாவது சர்க்யூட்ங்கற ஃபெடரல் அப்பீல் கோர்ட் கனெக்டிகட் சட்டம் அரசியல் சாசனத்துக்கு எதிரானதுன்னு சொல்லிருச்சு. சட்டத்துல இருந்த வார்த்தை ரெண்டு, வேட்டையில "குறுக்கிட", வேட்டைக்காரர "தொந்தரவு பண்ண" கூடாது, வேட்டை நேரத்துல மட்டும் இல்ல, வேட்டைக்கு தயாராகுற நேரத்துலயும். தயாராகுறதுன்னா எது? கடையில தோட்டா வாங்குறப்ப பக்கத்துல நின்னு ஏம்பா இதெல்லாம்னு ஒருத்தன் கேட்டா அதுவும் குற்றமா? அந்த அளவுக்கு அகலமா எழுதியிருந்தா எந்தப் பேச்ச வேணும்னாலும் அமுக்கலாம்.

இல்லினாய்ல 1998ல இன்னும் நறுக்குன்னு ஒண்ணு சொன்னாங்க. அங்க சட்டத்துல, வேட்டையாடாதன்னு "மனச மாத்துற நோக்கத்தோட" குறுக்கிடக் கூடாதுன்னு இருந்துச்சு. அப்ப ஒருத்தன் வேட்டைக்காரர் பக்கத்துலயே சத்தமா பேசிக்கிட்டு நின்னு, சுடு சுடு, சூப்பரா சுடுற மச்சின்னு உற்சாகப்படுத்துனா சட்டம் அவனத் தொடாது. அதே சத்தத்துல சுடாதன்னு சொன்னா தொடும். இது நடத்தையத் தடுக்குற சட்டம் இல்ல, ஒரு தரப்போட கருத்தத் தடுக்குற சட்டம்னு மாநில உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவ அடிச்சுருச்சு. 1988 கனெக்டிகட் தீர்ப்புக்கு அப்புறம் வந்த 1994 மத்திய சட்டத்த எழுதினவங்க "உடல்ரீதியான நடத்தை"ன்னு ஜாக்கிரதையா எழுதி, பேச்சுரிமைக்கு இதனால பாதிப்பு இல்லன்னு ஒரு வரியும் சேத்துக்கிட்டாங்க.

ஆஸ்திரேலியா கேஸ் ஒண்ணு இருக்கு, அது நிக்கிறதும் பேசுறதும் கலந்த கலவை. விக்டோரியா மாநிலத்துல 1994 மார்ச், வாத்து சீசன் ஆரம்பிக்கிற வார இறுதி. லாரி லெவின்னு வாத்து வேட்டைக்கு எதிரா வருஷக்கணக்கா போராடுறவர், ஆளுங்களக் கூட்டிக்கிட்டு தண்ணிக்குள்ள இறங்கி அடிபட்ட வாத்துங்கள எடுத்துட்டு வந்து டிவி கேமரா முன்னாடி காட்டுவார். அரசாங்கம் ஒரு விதி போட்டுச்சு, சீசன் தொடங்குற அந்த ரெண்டு நாளும் சாயங்காலம் 5 மணியில இருந்து மறுநாள் காலையில 10 மணி வரைக்கும் லைசென்ஸ் இல்லாதவங்க வேட்டை நடக்குற ஏரிக்குள்ள போகக் கூடாது. காரணம் பாதுகாப்பு. ஆனா வாத்து வேட்டை தெரிஞ்சவங்களுக்குப் புரியும், விடியக்காலம்தான் மொத்த சூடும், 10 மணிக்கு அங்க போனா என்ன மிச்சம் இருக்கும். லெவி சொன்ன வாதம், வாத்த கையில ஏந்திக் காட்டுறதே என் அரசியல் பேச்சு, நான் வெளிய நின்னு அறிக்கை படிச்சா ஒரு டிவிக்காரனும் வர மாட்டான். 1997ல ஆஸ்திரேலிய ஹைகோர்ட் (அங்க அதுதான் உச்ச நீதிமன்றம்) வாய் பேசாம செய்யுறதும் அரசியல் பேச்சா இருக்கலாம்னு ஒத்துக்கிச்சு, ஒத்துக்கிட்டு, ஆனா பாதுகாப்பு விதி நியாயமானதுதான்னு அவருக்கு எதிரா தீர்ப்பு சொல்லுச்சு. பிற்பாடு பேச்சுரிமை கேஸ் எல்லாத்துலயும் இந்தத் தீர்ப்ப எடுத்துப் போடுறாங்க. தோத்த கேஸால அவருக்குப் பின்னாடி வந்தவங்களுக்கு லாபம்.

இனி பாக்குறது, அதாவது அந்த ஜல்லி ரோட்டு கார்.

விஸ்கான்சின் வேட்டைப் பைத்தியம் பிடிச்ச மாநிலம், இத அவங்களே பெருமையா சொல்லிக்குவாங்க. நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங் ஒட்டி 9 நாள் மான் துப்பாக்கி சீசன், சுமார் 6 லட்சம் பேர் லைசென்ஸ் எடுத்து ஆரஞ்சு கலர் ஜாக்கெட் போட்டுக்கிட்டு காட்டுக்குள்ள போயிருவாங்க. 2016ல அந்த ஆரஞ்சுக்கு பதிலா பளிச்சுன்னு பிங்க் கலர் போடலாம்னு கூட ஒரு சட்டம் வந்துச்சு. அதே 2016ல, அதே கவர்னர் ஸ்காட் வாக்கர் கையெழுத்துல வந்ததுதான் "வேட்டை உரிமைச் சட்டம்". ஏற்கனவே இருந்த தொந்தரவுச் சட்டத்துல புதுசா மூணு விஷயத்த சேத்தாங்க. வேட்டைக்காரர் கண்ணுக்கு எட்டுற தூரத்துலயோ உடம்புக்குப் பக்கத்துலயோ தொடர்ந்து இருக்குறது, அவர நெருங்குறது இல்ல எதிர்கொள்ளுறது, அவரப் போட்டோ வீடியோ எடுக்குறது. இத ரெண்டு தடவையோ அதுக்கு மேலயோ, நடுவுல இடைவெளி "எவ்வளவு கொஞ்சமா இருந்தாலும் எவ்வளவு அதிகமா இருந்தாலும்", வேட்டைய தடுக்குற நோக்கத்தோட செஞ்சா குற்றம். மேல சொன்ன "மனசுல என்ன இருக்கு" இதான். ரெண்டு போட்டோ எடுத்தா தொடர் நடவடிக்கை ஆயிருமான்னு கேட்டா, சட்டத்துல இல்லைன்னு எங்கயும் சொல்லல.

யார மனசுல வெச்சு இத எழுதினாங்கங்கறது ரகசியமே இல்ல. ஓநாய் ரோந்துன்னு பேர் வெச்சுக்கிட்ட ஒரு குழு கரடி, ஓநாய் வேட்டைக்காரங்கள பொது ரோட்டுல பின்தொடர்ந்து படம் எடுத்துட்டு இருந்துச்சு. இந்த நாய் ட்ரெயினிங் விவகாரத்துல ஒரு விசித்திரம் இருக்கு. ஜூலை ஆகஸ்ட் மாசம் ஓநாய்ங்க குட்டிகள ஒரே இடத்துல வெச்சு காவல் காக்குற காலம். அந்த இடத்துக்குள்ள கரடி வாசம் பிடிச்சுக்கிட்டு வேட்டை நாய்ங்க ஓடி வந்தா ஓநாய் சும்மா விடுமா, கடிச்சுக் கொன்னுரும். செத்த நாய்க்கு மாநில அரசு 2,500 டாலர் வரைக்கும் இழப்பீடு குடுக்கும். எந்த ஏரியாவுல ஓநாய் நாயக் கொன்னுச்சுன்னு எச்சரிக்கையும் போடும், ஆனா அங்கயே போய் நாய அவுத்து விட்டாலும் தடை இல்ல. இதையெல்லாம் கேமராவுல பதிவு பண்ணணும்னு நினைக்கிற ஆளுங்க இருப்பாங்கன்னு சொல்லணுமா என்ன. இந்தக் குழுவப் பத்தி டாக்குமெண்டரி எடுத்த ஒரு சினிமாப் பேராசிரியர் கேமராவ ஷெரிஃப் ஆளுங்க பிடுங்கிட்டுப் போனாங்க. ரோட்டுல வேட்டைக்காரங்க ட்ரக்க முன்னாடியும் பின்னாடியும் நிறுத்தி இவங்க வண்டிய நகர விடாம மடக்குனதும் நடந்துருக்கு. யார் யாரத் தொந்தரவு பண்றாங்கன்னு சட்டத்துக்கு ஒரே ஒரு பக்கம்தான் கண்ணு தெரிஞ்சுது.

அந்தப் பேராசிரியரும் இன்னும் சிலரும் போட்ட பிரவுன் எதிர் கெம்ப் கேஸ முதல் கோர்ட், உங்களுக்கு கேஸ் போடவே தகுதி இல்லன்னு திருப்பி அனுப்புச்சு. 2023 நவம்பர்ல ஏழாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட் அத மாத்தி, புதுசா சேத்த அந்தப் பிரிவுகள் செல்லாதுன்னு சொல்லுச்சு. கண்ணுக்கு எட்டுற தூரம்னா எத்தன அடி? காட்டுல நூறு அடி, வயல்வெளியில ஒரு கிலோமீட்டர். எல்லாம் மழுப்பலா இருக்கு. வீடியோ விஷயத்துல கோர்ட் போட்ட போடுதான் முக்கியமானது. வேட்டைக்காரரோட மச்சான் அதே இடத்துல அதே கேமராவ வெச்சு அதே காட்சிய யூடியூபுக்கு எடுத்தா குற்றம் இல்ல, எதிர்க்கிறவர் எடுத்தா குற்றம், அப்ப தடுக்கப்படுறது கேமராவா கருத்தா? இல்லினாய்ல 1998ல சொன்ன அதே விஷயம், 25 வருஷம் கழிச்சு வாய்க்கு பதிலா லென்ஸுக்கு.

ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன், இதனால விஸ்கான்சின் சட்டம் மொத்தமா போயிரல. நாயப் பிடிச்சு இழுத்தாலோ, மிருகத்த விரட்டி விட்டாலோ, துப்பாக்கிக்கு குறுக்க நின்னாலோ இன்னைக்கும் கேஸ் உண்டு.

இங்கிலாந்துல கதை வேற மாதிரி திரும்பிருச்சு. 1994ல அங்கயும் "மோசமான அத்துமீறல்"னு ஒரு குற்றத்த உருவாக்கி 3 மாசம் வரைக்கும் ஜெயில் வெச்சாங்க, கொம்பு ஊதுற கூட்டத்த ஒடுக்கத்தான். ஆனா அதுல, சட்டப்படி நடக்குற காரியத்தக் கெடுத்தாதான் குற்றம். 2005 பிப்ரவரி 18ல இருந்து இங்கிலாந்து வேல்ஸ்ல நாய வெச்சு நரி வேட்டையாடுறதே சட்டவிரோதம் ஆயிருச்சு. நேத்து வரைக்கும் அத்துமீறுன ஆளு இன்னைக்கு கேமராவோட சாட்சி. வேட்டைக்காரங்க நாங்க நரிய துரத்தல, முன்கூட்டியே போட்டு வெச்ச வாசனைத் தடத்ததான் துரத்துறோம்னு சொல்லிக்கிட்டு அதே உடுப்பு அதே குதிரையில போறாங்க. 2020ல அந்தத் தரப்போட ஆன்லைன் மீட்டிங் வீடியோ ஒண்ணு அந்த 1963 சங்கத்துக்காரங்க கைக்கு வந்து வெளிய விட்டாங்க, அதுல பேசுன முக்கியஸ்தருக்கு 2021ல தண்டனை ஆச்சு, 2022ல அப்பீல்ல விடுதலையும் ஆயிட்டார்.

கடைசியா ஒரு விஷயம், ஏன்னா இதப் படிச்சா வேட்டைக்காரங்க எல்லாம் வில்லன், குறுக்க போறவங்க எல்லாம் நல்லவங்கன்னு தோணிரும், எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. அதே விஸ்கான்சின்ல ஓஜிப்வே பழங்குடி மக்கள் இருக்காங்க. 1837லயும் 1842லயும் நிலத்த எழுதிக் குடுத்தப்ப அதுல வேட்டையாடுற, மீன் பிடிக்கிற உரிமைய விட்டுத் தரலன்னு 1983ல அப்பீல் கோர்ட் உறுதி பண்ணுச்சு. ஏப்ரல்ல ஏரியில பனி உருகுன உடனே, ராத்திரி, தலையில லைட்டக் கட்டிக்கிட்டு படகுல போய் ஆழமில்லாத தண்ணியில முட்டை போட வர்ற வால்ஐங்கற மீன ஈட்டியால குத்திப் பிடிப்பாங்க. 80கள் கடைசியில அந்தப் படகுத் துறைகள்ல நூத்துக்கணக்குல ஆயிரக்கணக்குல வெள்ளைக்காரங்க கூடி கல்ல விட்டெறிஞ்சாங்க, உண்டிவில்லால அடிச்சாங்க, மீனக் காப்பாத்து இந்தியனக் குத்துன்னு (இந்தியன்னா அங்க பழங்குடிக்காரர்) பலகை பிடிச்சாங்க. இவங்களும் "மீனக் காப்பாத்துறோம்"னுதான் சொன்னாங்க. 1991ல ஃபெடரல் ஜட்ஜ் பார்பரா க்ராப் தடை உத்தரவு போட்டதுக்கு அப்புறம்தான் அடங்குச்சு. இந்தப் படகுத் துறைய நினைச்சா, வேட்டையில குறுக்கிடாதன்னு ஒரு சட்டமே வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வர மாட்டேங்குது.

இதே ஓஜிப்வே மக்கள் 2021ல திரும்ப வராங்க. ஓநாய மத்திய பாதுகாப்புப் பட்டியல்ல இருந்து எடுத்த உடனே ஒரு வேட்டைக்காரர் அமைப்பு கேஸ் போட்டு விஸ்கான்சின அவசரமா பிப்ரவரியில சீசன் திறக்க வெச்சுது. மொத்தம் 200 ஓநாய், ஒப்பந்தப்படி அதுல 81 ஓஜிப்வே பங்கு, மிச்சம் 119 லைசென்ஸ்காரங்களுக்கு. ஓஜிப்வேக்கு ஓநாய் கூடப்பொறந்த உறவு மாதிரி, மயீங்கன்னு சொல்லுவாங்க, தங்களோட பங்குல ஒண்ணக் கூட சுட அவங்க நினைக்கல, அந்த 81ம் உயிரோட இருக்கட்டும்னுதான் வெச்சிருந்தாங்க. சீசன் மூணு நாளுக்குள்ள மூடியாச்சு. அதுக்குள்ள செத்தது 218, பெரும்பாலும் நாய விட்டுப் பிடிச்சது. 119 எங்க, 218 எங்க. ஒருத்தன் தன் பங்க சுடாம வெச்சுக்கிறதுல இன்னொருத்தன் வந்து குறுக்கிட்டா என்ன தண்டனைன்னு விஸ்கான்சின் வேட்டை உரிமைச் சட்டத்துல ஒரு வரி கிடையாது. ஆறு ஓஜிப்வே சமூகங்க அந்த செப்டம்பர்ல ஒப்பந்தத்த கையில எடுத்துக்கிட்டு ஃபெடரல் கோர்ட்டுக்குத்தான் போனாங்க, அடுத்த பிப்ரவரியில வேற ஒரு கேஸ்ல ஓநாய் திரும்ப பாதுகாப்புப் பட்டியலுக்குள்ள வந்துருச்சு.